இரண்டு நெளிகோடுகளுக்கு நடுவே அப்பா

என்னுடைய முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நான் ஊர்க்காரர்களைத் திட்டும்போது, பாவம் நல்ல பிள்ளை என்று நீங்கள் என்னை நினைத்துவிடுவீர்கள். எழுதிய சொல்லுக்குக் குறுக்கே போனிலேயே கோடு போடலாம் என்று எங்கள் ஊருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். அவர்கள் அந்தப் பாடத்தைப் படித்து முதலில் கோடு போட்டது என் அப்பாவின் பெயருக்கு.

எங்கள் ஊர் கறம்பக்குடிப் பக்கம். ஊருக்கென்று போனில் ஒரு குரூப் இருக்கிறது. அதில் நோட்டீஸ் போடுபவர் கோயில் கமிட்டிச் செயலாளர். அம்மா வழியில் எனக்கு மாமா முறை. மாமா எதை அனுப்பினாலும் தடித்த எழுத்தில்தான் அனுப்புவார். நாளைக்குத் தண்ணீர் வராது என்பதும் தடித்த எழுத்து, இன்னார் இறந்துவிட்டார் என்பதும் தடித்த எழுத்து. திருவிழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே வந்த நோட்டீஸும் அப்படித்தான். அதில் ஒரு வரி: பூஜைக்கு ஊர் அம்பலகாரர் தலைமை தாங்குவார்.

ஊர்த் தலைவரான எங்கள் அம்பலகாரர் எந்த விருந்திலும் முதல் பந்தியில் உட்காருவார், கடைசிப் பந்தியில் எழுந்திருப்பார். ஊரே அறிந்த விஷயம். ஊரே அறிந்ததை எழுதி வைப்பதில் என்ன தப்பு என்று எனக்குத் தோன்றியது பாருங்கள், அங்கேதான் சனி உட்கார்ந்திருந்தான். அந்த வரியைக் காப்பி எடுத்து, முன்னால் ‘பந்திக்கு’ என்று ஒரு சொல்லைச் சேர்த்து, அதன் குறுக்கே கோடு போட்டு, ஏதோ தவறாக எழுதி அடித்துத் திருத்தியதுபோலக் குரூப்பில் போட்டேன். சிங்கப்பூரில் இருக்கிற பயல்கள் வரிசையாகச் சிரிப்புப் பொம்மை அனுப்பினார்கள். எப்படிக் கோடு போட்டாய் என்று கேட்டவர்களுக்கு அந்த வித்தையையும் குரூப்பிலேயே சொல்லிக்கொடுத்தேன். நானும் பஸ்ஸில் உட்கார்ந்து எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். என் நகைச்சுவைக்கு எப்போதும் நான்தான் முதல் பந்தி.

கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். என்னைத் தண்டிக்க முடியவில்லை. கல்யாணமாகிக் குடும்பத் தலைவனானால்தான் எங்கள் ஊரில் தலைக்கட்டு, கல்யாணமாகாதவனுக்கு அது கிடையாது. அதாவது ஊர்க்கணக்கில் எனக்குத் தலையே இல்லை. இல்லாத தலையை எப்படிக் குனிய வைப்பது? அப்பாவின் தலையை எடுத்துக்கொண்டார்கள். அப்பா எழுந்து, பய விளையாட்டுக்குச் செய்துட்டான், மன்னிச்சுக்கங்க என்று கையெடுத்துக் கும்பிட்டார். கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அப்போது அம்பலகாரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதைப் படித்தபோது நீ சிரித்தாயா?

அப்பாவுக்குப் பொய் வராது. அது ஒரு குறை. சிரிச்சேன் என்றார்.

அவ்வளவுதான். எங்கள் வீட்டைத் தள்ளி வைத்தார்கள். யாரும் பேசக் கூடாது, பேசினால் அபராதம். நிலத்தில் கடலை முற்றிக் கிடந்தது, பிடுங்க ஆள் வரவில்லை. அப்பாவும் அம்மாவும் குனிந்து பிடுங்கியது போக மிச்சம் மண்ணுக்குள்ளேயே முளைவிட்டது. டீக்கடையில் அப்பா போய் உட்கார்ந்தால் டீக்கடைக்காரர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் அப்பா அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, குடிக்காத டீக்கு வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாராம். முடிவெட்டக் கறம்பக்குடிக்குப் பஸ் ஏறினார். சட்டம் நம்ம பக்கம்ப்பா, ஒரு மனு கொடுத்தால் போதும் என்று நான் வீராப்பாகச் சொன்னேன். சட்டம் வந்து கடலை புடுங்குமாடா என்று கேட்டார். மனு அத்தோடு முடிந்தது.

ஆனால் இதற்கு ஒரு வாசல் வைத்திருந்தார்கள். அந்த வாசலைச் சொன்னால்தான் மேற்கொண்டு நடந்தது விளங்கும்.

திருவிழாவின் கடைசி நாள் சாயங்காலம், கோயில் முன்னால் தலைக்கட்டு வரிசையைப் பேர் பேராகக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவர் போய் விபூதியும் ஒரு தேங்காய் மூடியும் வாங்கிக்கொள்ள வேண்டும். அரை மூடித் தேங்காய். அதற்காகத் துபாயிலிருந்து லீவு போட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தள்ளி வைத்த வீட்டின் பெயரை வரிசையிலிருந்து எடுக்க மாட்டார்கள், குறுக்கே கோடு மட்டும் போடுவார்கள். கோடு போட்ட பெயரையும் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டு, ‘நிறுத்தி வச்சிருக்கு’ என்பார்கள். அப்போது அந்த ஆள் முன்னால் வந்து ஊர் காலில் விழலாம். விழுந்தால் அநேகமாகச் சேர்த்துக்கொள்வார்கள், மூடியும் கொடுத்துவிடுவார்கள். பெயரையே எடுத்துவிட்டால் மட்டும் கதை வேறு. கூப்பிடாதவன் முன்னால் வர முடியாது. வராதவன் விழ முடியாது.

அப்பா அந்தச் சாயங்காலத்துக்காகத்தான் உயிரை வைத்துக்கொண்டிருந்தார். வேட்டியைச் சலவைக்குப் போட்டு வாங்கி, பெட்டியில் வைத்திருந்தார். என்ன சொல்லி விழுவது என்று மாட்டுக்கொட்டகையில் நின்று மாட்டிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததை அம்மா கேட்டிருக்கிறாள். தள்ளி வைத்த பிறகு அப்பா சொல்வதை முழுசாகக் கேட்ட ஜீவன் அந்த மாடு ஒன்றுதான்.

இனி ஆபீஸ் கதை. புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். வெப்சைட் செய்து கொடுப்போம். அதற்கான கம்ப்யூட்டர் கோட் எழுதுகிறவர்கள் இரண்டு பேர்தான். ஒன்று நான், இன்னொன்று இலுப்பூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற ஒரு பெண். அவளுக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன் என்கிற ஒரே தகுதியில் நான் சீனியர். அவள் எழுதுவதை நான் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் அது வெளியே போகும். இதற்கு ரிவ்யூ என்று பெயர். ஒருத்தர் பெற்ற பிள்ளைக்கு இன்னொருத்தர் மூக்குச் சரியில்லை என்று எழுதிக் கொடுப்பது.

முதலாளி ஒரு வேலை பிடித்து வந்தார். ஒரு கிராமத்துக் கோயிலுக்கு வெப்சைட், வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பார்ப்பதற்கு. செயலாளர் போனில் அனுப்பும் நோட்டீஸ் அப்படியே தானாகப் பக்கத்தில் வந்துவிட வேண்டும். எந்த ஊர் என்று கேட்டேன். எங்கள் ஊரையே சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தச் சிரிப்புக்கும் சேர்த்துத் தண்டனை உண்டு என்று அப்போது தெரியாது. நான் அந்த ஆபீஸில் இருப்பது மாமாவுக்குத் தெரியாது. நான் புதுக்கோட்டையில் ஏதோ ஜெராக்ஸ் கடையில் இருக்கிறேன் என்றுதான் ஊரில் பலருக்கும் நினைப்பு. அது அவ்வளவு தப்பான நினைப்பும் இல்லை.

வேலை என்னவோ சின்னதுதான். போனில் ஒரு சொல்லின் இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டால் அது தடிக்கும். அடிக்கோட்டுக் குறி போட்டால் சாயும். நெளிகோடு போட்டால் சொல்லின் குறுக்கே ஒரு கோடு விழும். வெப்சைட்டுக்கு இந்தப் பாஷை தெரியாது, அதற்குத் தெரிந்த எச்டிஎம்எல் பாஷையின் குறிகளாக, அதாவது டேக்குகளாக, மாற்றிக் கொடுக்க வேண்டும். அப்படி மாற்றுகிற கோட் அவள் எழுதினாள். நான் ரிவ்யூவுக்கு உட்கார்ந்தேன்.

நான் ரிவ்யூ செய்தால் கொஞ்சம் கொடுமையாகத்தான் இருக்கும். பிழையை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்குத் தெரியாது, அதைச் சுற்றிக் கூத்து கட்டினால்தான் தூக்கம் வரும். ‘இந்தக் கோட் இலுப்பூர் பஸ் மாதிரி, கை காட்டாதவனுக்கெல்லாம் நிற்கிறது’ என்று எழுதினேன். கோயில் போட்டோவின் லிங்க்கில் இருந்த அடிக்கோட்டையெல்லாம் எடுத்துக்கொண்டு அவள் கோட் பாதி லிங்க்கைச் சாய்த்துவிட்டிருந்தது. ‘லிங்க் ஏன் சரக்கு அடித்த மாதிரி சாய்ந்து கிடக்கிறது’ என்று எழுதினேன். ஒரு நட்சத்திரத்தைத் திறந்து மூடாமல் விட்டால் அதற்குப் பிறகு பக்கம் முழுக்கத் தடித்துப் போனது. அதற்கும் ஒன்று எழுதினேன், அதை இங்கே சொல்லக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் கீழே அவள், சரிங்கண்ணே, மாத்திட்டேன் என்று மட்டும் போட்டிருந்தாள். ஒரு சிரிப்புப் பொம்மைகூட இல்லை. சிரிக்காதவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் நாலு எழுதத் தோன்றும்.

கோடு போடுகிற டேக் வந்தபோது பாடமே நடத்திவிட்டேன். அதற்கு எச்டிஎம்எல்லில் இரண்டு டேக் இருக்கிறது. ஒன்று, இது இனி செல்லாது, ஆனாலும் இருக்கட்டும் என்பதற்கு. இன்னொன்று, இது எடுக்கப்பட்டுவிட்டது என்பதற்கு. கண்ணுக்கு இரண்டும் ஒரே கோடுதான். அவள் இரண்டாவதைப் போட்டிருந்தாள். செல்லாமல் இருப்பதும் இல்லாமல் போவதும் ஒன்றா, இந்த வித்தியாசம் தெரியாமல் எச்டிஎம்எல் எழுத வரலாமா என்று ஒரு பத்தி எழுதினேன். எழுதினேனே தவிர, அது எனக்கே புரிந்திருந்ததா என்று பின்னால் தெரிந்தது.

அதற்குப் பிறகு, கோட் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க அவள் வைத்திருந்த டெஸ்ட்டைத் திறந்தேன். சும்மா ஏதாவது வாக்கியத்தை வைத்துச் சோதிக்காமல், செயலாளரிடமே உண்மையான நோட்டீஸைக் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். தலைக்கட்டு வரிசை முழுசாக இருந்தது. நடுவே அப்பாவின் பெயர். இந்தப் பக்கம் ஒரு நெளிகோடு, ஓர் இடைவெளி, அப்பா, ஓர் இடைவெளி, அந்தப் பக்கம் ஒரு நெளிகோடு.

நெளிகோடு சொல்லோடு ஒட்டியிருந்தால்தான் போனில் கோடு விழும். இடைவெளி விட்டால் விழாது, நெளிகோடு மட்டும் அப்படியே தெரியும். மாமா முழுசாகத் தட்ட மாட்டார், போன் எடுத்துக் காட்டுகிற சொல்லைத் தொட்டுத்தான் எழுதுவார். தொட்டால் போன் தானாக ஓர் இடைவெளி விடும். அது மாமாவுக்குத் தெரியாது. தன்னுடையது பழைய போன், அதனால் கோடு தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார். குரூப்பிலும் எல்லோருக்கும் விஷயம் தெரியும் என்பதால் யாரும் கேட்கவில்லை. ஆக, கோடு போடக் கற்றுக்கொடுத்த வாத்தியார் நான் பாதிப் பாடத்தில் விட்டிருந்தேன்.

அவளோ நல்ல மனசுக்காரி. பெரியவர்கள் இடைவெளி விட்டு அடித்தாலும் கோடு விழட்டும் என்று இடைவெளியை நீக்கிவிட்டு மாற்றுகிற மாதிரி எழுதியிருந்தாள். டெஸ்ட்டை ஓட்டினேன். திரையில் அப்பாவின் பெயருக்குக் குறுக்கே கோடு பளிச்சென்று விழுந்தது. பக்கத்தில் பச்சை நிறத்தில் சரி என்று குறி.

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள். என் இனிஷியலை விரித்தால் என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியும்.

“அண்ணே, இது ஒங்க ஊருங்களா?”

“ஊரு எங்க ஊருதான். நாங்கதான் ஊருல இல்ல” என்றேன்.

விஷயத்தைச் சொன்னேன். நான் போட்ட ஜோக்கையும் சொன்னேன். அதற்கும் அவள் சிரிக்கவில்லை. முதலாளியிடம் சொல்லி ரிவ்யூவை வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று கேட்டாள். வேறு யார் இருக்கிறார்கள்? பாத்திரக் கடைக்காரரிடமா கொடுப்பது? நானே பார்க்கிறேன் என்றேன். அப்போதே ஒரு யோசனை உள்ளே முளைவிட்டிருந்தது, எங்கள் கடலை மாதிரி.

இந்த வருஷம் வரிசையை வெப்சைட்டிலிருந்து அச்சடித்து மைக் செட்டுக்காரரிடம் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று முதலாளி சொல்லியிருந்தார். அவர் வெளியூர் ஆள். கோடு போட்ட பெயரென்றால் கூப்பிட்டுவிட்டு நிறுத்துவார். கோடு இல்லாவிட்டால் மற்ற பெயர்போலக் கூப்பிட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார். பூசாரியும் பழக்கத்தில் மூடியை நீட்டிவிடுவார். ஊர் யோசித்து முடிப்பதற்குள் தேங்காய் அப்பா கையில் இருக்கும். கொடுத்த மூடியைக் கோயில் முன்னால் வைத்துப் பிடுங்குகிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. அப்பா யார் காலிலும் விழ வேண்டியதில்லை.

ரிவ்யூவில் எழுதினேன்: ‘போனில் நடக்காததை நாம் இங்கே நடத்தக் கூடாது. அங்கே விழாத கோடு இங்கேயும் விழக் கூடாது. விதி விதிதான்.’ எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. எந்த ஊரில் எந்தச் சீனியரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். யோக்கியமான காரணம் கையில் கிடைத்தால் அயோக்கியனுக்கு வருகிற தெம்பு இருக்கிறதே, அது தனி. அவள் என்னைப் பார்த்தாள், மாத்திட்டேங்கண்ணே என்று எழுதினாள், பக்கம் வெளியே போனது.

அன்று சாயங்காலம் வீட்டில் அப்பாவிடம் போனில் பக்கத்தைத் திறந்து காட்டினேன். வரிசையில் அவர் பெயர், இரண்டு பக்கமும் இரண்டு நெளிகோடு, மீசை வைத்த மாதிரி. அப்பா கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று காத்திருந்தேன்.

“கோடு எங்கடா?” என்றார்.

கோடு விழாதுப்பா, கம்ப்யூட்டர் விதி அப்படி என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு தடவை சிரித்ததற்கே போதும் போதும் என்றாகிவிட்டிருந்தது அவருக்கு. ஏதும் ஏடாகூடம் பண்ணி வைக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

மறுநாளே மாமா போன் செய்தார், ஆபீஸுக்கு. அவள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என் குரல் கேட்டால் மாமா போனை வைத்தாக வேண்டும். வைக்காவிட்டால் அவருக்கு அபராதம். அதனால் வாயை மூடிக்கொண்டு, சொல்ல வேண்டியதைத் திரையில் தட்டிக் காட்டுவது என்று ஏற்பாடு.

“ஏம்மா, நம்ம பக்கத்துல ஒரு பேருக்குக் கோடு விழலையேம்மா.”

“எந்தப் பேருங்க சார்?”

“அதாம்மா, ரெண்டு பக்கமும் பாம்பு மாதிரி நெளியுதுல்ல. அந்தப் பேரு.”

பெயரை வாயால் சொல்லவில்லை. இதே மாமா எங்கள் வீட்டில் வந்து எத்தனை தடவை சாப்பிட்டிருப்பார். அப்பா பெயரைச் சொல்லி மச்சான் மச்சான் என்று வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வருவார். எனக்கு இருமல் வந்தது. அடக்கிப் பார்த்தேன், இருமிவிட்டேன்.

போனில் எங்கேயோ ஓர் ஆடு மட்டும் கத்தியது.

“பக்கத்துல யாரும்மா?”

“சீனியர் சாருங்க.”

“சீனியருக்கு இருமல் மருந்து வாங்கிக் குடுங்கம்மா. சின்னதுலேருந்து அப்புடித்தான் இருமுவாரு.” கொஞ்சம் விட்டு, “சீனியர் என்ன சொல்றாரு?” என்றார்.

அவர் போனை வைக்கவில்லை. என்னிடம் பேசவும் இல்லை. இதில் இரக்கம் எவ்வளவு, ஏளனம் எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை பிரிக்கத் தெரியவில்லை. நான் வேகமாகத் தட்டினேன். அவள் படித்தாள்: போனில் விழாதது இங்கேயும் விழாதுங்க, விதி அப்படி.

“அப்ப என்ன பண்ணுனாலும் விழாதா?”

இடைவெளி விடாமல் ஒட்டி அடியுங்கள் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். என் ரிவ்யூவில் அத்தனை குத்தலையும் வாங்கிக்கொண்டு ஒரு பொய்யும் சொல்லாதவள், எனக்காக அன்றைக்குச் சொன்னாள்.

“விழாதுங்க சார்.”

மாமா பெருமூச்சு விட்டது ஸ்பீக்கரில் புயல் மாதிரி கேட்டது. “கோடு இருந்தா கூப்ட்டு நிப்பாட்டலாம்னு பாத்தேன். சரிம்மா.”

வைத்துவிட்டார். நான் கீழே இறங்கிப் போய் அவளுக்கு டீயும் பப்ஸும் வாங்கி வந்தேன். ஜெயித்துவிட்டோம் என்றேன். அந்தக் கடைசி வாக்கியத்தை அவள்தான் சரியாகக் கேட்டிருக்கிறாள். கோடு இல்லாவிட்டால் என்ன பண்ணுவார்ங்கண்ணே என்று கேட்டாள். என்ன பண்ணுவார், தலையில் அடித்துக்கொள்வார் என்று சொல்லி அவள் பப்ஸில் பாதியையும் நானே தின்றேன்.

மத்தியானம் மாமாவிடமிருந்து புது நோட்டீஸ் வந்தது. எங்கள் கோட் அதை வாங்கி, தடிக்க வேண்டியதைத் தடிக்க வைத்து, வரிக்கு வரி எச்டிஎம்எல்லாக மாற்றி, பிழையே இல்லாமல் பக்கத்தில் போட்டது. எல்லா டெஸ்ட்டுக்கும் பச்சைக் குறி. அவள் திரையை என் பக்கம் திருப்பினாள்.

“அண்ணே, பேரைக் காணோம்.”

பெரியப்பா பெயர் இருந்தது. அதற்கு அடுத்து, எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பெயர். நடுவில் நெளிகோடும் இல்லை, அப்பாவும் இல்லை. வரிசை எண்ணைக்கூட அழகாகச் சரிசெய்திருந்தார் மாமா. அந்த இடத்தில் ஒரு மனிதன் இருந்தான் என்பதற்கு ஒரு பொட்டு இடைவெளிகூட விடவில்லை. இடைவெளி விட்டே பழக்கப்பட்ட மனுஷன்.

கோடு விழுகிற பழைய கோட் இருக்கிறதே, அதையே போடு என்றேன். அவள் அழிக்காமல்தான் வைத்திருந்தாள். அன்றைக்கு ரிவ்யூவில் ஒரு வரிகூட எழுதாமல் சரி என்று தட்டினேன். அவள் எழுதியதற்கு நான் குத்தல் எழுதாமல் சம்மதம் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அவளே மாமாவுக்குப் போன் போட்டாள்.

“சார், சரி பண்ணிட்டோங்க. இப்ப கோடு விழுதுங்க.”

“எதுக்கு மேலம்மா போடுறது?” என்றார் மாமா. வரிசையை அச்சுக்கும் கொடுத்தாகிவிட்டது, அம்பலகாரரும் பார்த்து இதுதான் நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டார் என்றார். பிறகு, சீனியர் மருந்து சாப்பிட்டாரா என்று கேட்டுவிட்டு வைத்தார்.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. சொல்லத்தான் வீட்டுக்குப் போனேன். அவர் வேட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்து மடிப்புக் கலையாமல் மறுபடி வைத்துக்கொண்டிருந்தார். வரிசையெல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்குப்பா என்றேன். நோட்டீஸில் பிழை இல்லை என்கிற அர்த்தத்தில் அதுவும் உண்மைதான். இப்படிப்பட்ட உண்மைகள் எனக்கு நிறையத் தெரியும்.

கடைசி நாள் சாயங்காலம் அப்பா சலவை வேட்டியும் துண்டுமாகக் கிளம்பினார். நானும் போனேன். பந்தலுக்கு உள்ளே நிற்க எங்களுக்கு இடமில்லை. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்த ஓரமாக நின்றோம், புகை எங்கள் மேலேயே அடித்தது. மைக்கில் பெயர்கள் வரத் தொடங்கின. ஒவ்வொருவராகப் போய் விபூதி பூசிக்கொண்டு மூடியை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். எங்களைக் கடந்து போனவர்கள் ஜெனரேட்டரைப் பார்த்தார்கள். அவ்வளவு பேர் அவ்வளவு அக்கறையாகப் பார்க்கும்படி அந்த ஜெனரேட்டரில் என்ன இருந்ததோ.

பெரியப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். செருப்பைக் கழற்றினார். ஓர் அடி எடுத்தும் வைத்துவிட்டார். உதடு அசைந்தது, மாட்டிடம் சொல்லிப் பார்த்த வார்த்தைகள்தான். அப்பா என்று நான் கையைப் பிடிக்கப் போனேன், பிடிக்கவில்லை.

மைக்கில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் வந்தது. அவர் எங்களைத் தாண்டிப் போனார். அதற்கு அடுத்த பெயர். அதற்கும் அடுத்த பெயர்.

அப்பா அப்படியே நின்றார். விட்டுப் போயிருக்கும், கடைசியில் கூப்பிடுவார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். இடுப்பில் கட்டிய துண்டை அவிழ்க்கவில்லை. அம்பலகாரர் நாற்காலியில் உட்கார்ந்து தன் மூடியிலிருந்து ஒரு சில்லைக் கீறி வாயில் போட்டுக்கொண்டிருந்தார். மாமா ஒரு தடவை எங்கள் பக்கம் பார்த்தார், பிறகு கையில் இருந்த தாளைப் பார்த்தார். கடைசிப் பெயரும் முடிந்தது. மைக் செட்டுக்காரர் எல்லோருக்கும் நன்றி சொன்னார். யார் பெயரையும் விட்டிருந்தால் மன்னிக்கவும் என்று வழக்கமாகச் சொல்வதையும் சொன்னார். பந்திக்கு வரச் சொன்னார். அம்பலகாரர் முதல் ஆளாக எழுந்தார்.

அப்பா குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு நடந்தோம். வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். நெளிகோடு, இடைவெளி, விதி, அவள் கோட் முதலில் கோடு போட்டது, நான் அதைத் தடுத்தது, மாமாவிடம் பொய் சொல்ல வைத்தது, பெயர் போனது. அப்பா இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டே நடந்தார். பின்னால் பந்தி சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அந்தச் சத்தம் தாங்கவில்லை. தாங்க முடியாதபோது எனக்கு வருவது ஒன்றுதான்.

“விடுங்கப்பா. எப்புடியோ கோடு இல்லாமத் தப்பிச்சோம்” என்றேன்.

“கோட்டோடயாச்சும் இருந்தேன்ல” என்றார் அப்பா.